புதுப்பிப்பு: கோத்தகிரி டிவி சரியாகிவிட்டது

போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்: ரிமோட் வேலை செய்யவில்லை, படம் கட்டம் கட்டமாக உடைகிறது, சத்தமே இல்லை என்று. பதில் சொன்னவர்களுக்கு ரொம்ப நன்றி. மூன்றும் தனித்தனிக் கோளாறுகள்.

ரிமோட்டை போனின் செல்ஃபி கேமராவுக்கு நேரே பிடித்து பட்டனை அழுத்தினேன். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி அதில் வெளிர் ஊதாவாக மினுங்க வேண்டும், ஒன்றும் காணோம். பேட்டரி மூடியைத் திறந்தால் ஸ்பிரிங் முழுக்கப் பச்சை பூத்திருக்கிறது, செல் கசிந்ததோடு எங்கள் ஊர் ஈரமும் சேர்ந்துகொண்டது. பழைய டூத் பிரஷ்ஷில் துளி வினிகர் தொட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, புது செல் போட்டதும் உயிர் வந்துவிட்டது.

சத்தம் சின்ன விஷயம், சவுண்ட் அவுட்புட் புளூடூத் ஸ்பீக்கருக்கு மாறியிருந்தது.

படத்துக்குத்தான் மெனக்கெட்டேன். மூடுபனிதான் காரணம் என்று நினைத்திருந்தேன், அது தப்பு. டிஷ் சிக்னலைக் கெடுப்பது கனமழைதான், எங்களுக்கோ வெயிலிலும் உடைந்தது. மாடியில் ஏறிப் பார்த்தால் டிஷ் முனையில் இருக்கும் கனெக்டருக்குள் தண்ணீர், உள்கம்பி கறுத்துப்போயிருந்தது. பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபிளில் ஒரு சாண் வெட்டி, புது கனெக்டர் மாட்டி, தண்ணீர் வழிந்து சொட்டும்படி கேபிளைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டினேன். நேற்று ராத்திரி மழையிலும் அம்மா செய்தியை முழுசாகப் பார்த்தார்கள்.