பொங்கல் இலைக்கு எத்தனை வெஞ்சனம்?

பாளை மருமகள்:
தை முதல் நாள் மதியம் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் இருபத்திரண்டு பேர் சாப்பிடுகிறார்கள். நாத்தனார் குடும்பம் சென்னையிலிருந்தும், கொழுந்தனார் குடும்பம் கோவையிலிருந்தும் வருகின்றன. வெஞ்சனத்துக்கு, அதாவது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறிகளுக்கு, அத்தை சொல்லியிருக்கும் பட்டியல் இது: அவியல், அவரைக்காய்ப் பொரியல், வாழைக்காய்ப் பொரியல், சிறுகிழங்குப் பொரியல், சேனை வறுவல், சேப்பங்கிழங்கு வறுவல், மஞ்சள் பூசணிப் பச்சடி, தயிர்ப் பச்சடி, புளிமிளகாய், வடை, அப்பளம். ஆகப் பதினொன்று. இவற்றோடு இடிசாம்பார், ரசம், பாயசம் தனி.

அடுப்படியில் நிற்கப்போவது அத்தையும் நானும். அத்தைக்கு முழங்கால் வலி. எனவே அவியல், சிறுகிழங்கு, அவரைக்காய், இஞ்சித் துவையல் என்று நான்கோடு நிறுத்தலாம் என்றேன். "பொங்கலும் அதுவுமாக நாலு கறியா?" என்று கேட்டுவிட்டு அத்தை தொலைக்காட்சி பார்க்கப் போய்விட்டார். சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் நான்கு போதும் என்பதற்கு நல்ல காரணம் இருந்தால் சொல்லுங்கள். போதாது என்பவர்களும் சொல்லலாம்.

கல்லிடை அண்ணாச்சி:
போதாது. முதல் ஆளாகச் சொல்லிவிடுகிறேன்.

பொங்கப்பானைக்கு முன்னால் இலை விரித்து என்னவெல்லாம் வைக்கிறோம்? கரும்பு, மஞ்சள்குலை, பனங்கிழங்கு, சேனை, சேம்பு, சிறுகிழங்கு, வாழைக்காய், அவரைக்காய், பூசணிக்கீற்று. சூரியனுக்குப் படைத்த காயை மதியம் சமைக்காமல் மூலையில் போட்டு வைப்பதா? அந்த மாதத்தில் வயலும் தோட்டமும் கொடுத்ததெல்லாம் அன்றைக்கு ஒரே இலையில் வர வேண்டும். எண்ணிக்கை அங்கிருந்துதான் வருகிறது, யாருடைய பவிசுக்காகவும் இல்லை.

இன்னொன்று, மறுநாள் பழங்கறிக்கு என்ன செய்வீர்கள்? மிஞ்சிய கறிகளையெல்லாம் ஒன்றாகப் போட்டுச் சுண்டவைத்து, தண்ணீர் ஊற்றி வைத்த பொங்கல் சோற்றோடு சாப்பிடுவதற்குத்தான் எங்கள் வீட்டில் பாதிப்பேர் பொங்கலுக்கே வருகிறார்கள். நான்கு கறி செய்தால் மிஞ்சுவது பாத்திரம் மட்டும்தான். ஆள் போதவில்லை என்றால் ஆளைக் கூட்டுங்கள், கறியைக் குறைக்காதீர்கள்.

பெங்களூரு நெல்லைக்காரன்:
"ஆளைக் கூட்டுங்கள்" என்று அண்ணாச்சி எளிதாகச் சொல்லிவிட்டார். அந்த ஆள் யார் என்று சொல்லவில்லை. நான் பார்த்த பொங்கல்களில் பெண்கள் மூன்றாம் பந்தியில் உட்காருவார்கள். அப்போது அவியலில் முருங்கைக்காய்ச் சக்கைதான் கிடக்கும்.

என் யோசனை, பேசாமல் சொதி வைத்துவிடுங்கள் அக்கா, நம் ஊர்த் தேங்காய்ப்பால் குழம்பு. ஒரே பாத்திரத்தில் உருளை, கேரட், பீன்ஸ், முருங்கை, பட்டாணி எல்லாம் விழுந்துவிடும். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு சிப்ஸும் போதும். சொதிக்கு வேறு வெஞ்சனம் யாரும் கேட்க மாட்டார்கள்.

கல்லிடை அண்ணாச்சி:
சொதி மறுவீட்டுச் சாப்பாடு தம்பி. கல்யாணம் முடிந்து மாப்பிள்ளைக்கு வைப்பதைச் சூரிய பகவானுக்கு வைக்கச் சொல்கிறீர்கள். அதிலும் கேரட், பீன்ஸ், உருளை. இங்கிலீஷ் காய் ஒன்றுகூடப் பொங்கலன்று எங்கள் வீட்டு வாசற்படி ஏறாது.

தவசுப்பிள்ளை மகன்:
அப்பா சமையலுக்குப் போன கல்யாண வீடுகளில் கரண்டி பிடித்து வளர்ந்தவன். சொதியைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். இருபத்திரண்டு பேருக்கு எட்டுப் பத்துத் தேங்காயாவது துருவி, மூன்று பால் எடுக்க வேண்டும். காயை மூன்றாம் பாலில் வேகவைத்து, இரண்டாம் பாலை ஊற்றிக் கொதிக்கவிட்டு, கடைசியில் தலைப்பால் ஊற்றி நுரை கட்டும்போதே இறக்க வேண்டும். கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சைச் சாறு இறக்கிய பிறகுதான். காலையில் வாசலில் பானை பொங்கும் நேரத்தில் பக்கத்தில் நின்று இதைப் பார்க்க ஆள் கிடையாது. வேலை குறையும் என்று நினைத்துச் சொதிக்குப் போக வேண்டாம்.

இனிப் பட்டியலுக்கு வருகிறேன். நான்கா பதினொன்றா என்று எண்ணுவதை விட்டுவிட்டு, எந்தக் கறி எப்போது அடுப்பு ஏறும் என்று பாருங்கள்.

புளிமிளகாயும் இஞ்சித் துவையலும் முந்தின நாள் இரவே முடிந்துவிடும். புளியும் எண்ணெயும் இருப்பதால் கெடாது, ஒரு ராத்திரி ஊறினால் ருசியும் கூடும். அன்றைய அடுப்பில் இவற்றுக்கு இடமே தேவையில்லை என்பதால் எண்ணிக்கையிலும் சேர்க்காதீர்கள். சேம்பை முந்தின நாள் மாலையே அரைவேக்காட்டுக்குச் சற்று மேலாக வேகவைத்துத் தோலுரித்து, ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். மறுநாள் மசாலா புரட்டிக் கல்லில் போடுவதுதான் பாக்கி. ஆறிய சேம்புதான் உடையாமல் மொறுமொறுவென்று வரும். சேனையைப் புளித்தண்ணீரில் வேகவையுங்கள். அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகள்தான் தொண்டையைப் பிடிக்கின்றன, புளிப்பு பட்டால் அந்த நமைச்சல் அடங்கும்.

உண்மையில் ஆளைக் கொல்லும் வேலை சிறுகிழங்கு. முந்தின நாள் நன்றாக ஊறவைத்து, கோணிச் சாக்கில் போட்டு வாயைக் கட்டி, சிமென்ட் தரையில் உருட்டித் தேய்க்க வேண்டும். தோலும் மண்ணும் பெரும்பாலும் போய்விடும், மிச்சத்தைக் கத்தியால் சுரண்ட வேண்டும். சுரண்டியதைத் தண்ணீரிலேயே போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் கறுத்துவிடும். விரல்நுனியும் கறுக்கும், இரண்டு நாளைக்குப் போகாது. இந்த வேலைக்குச் சமையல் தெரிய வேண்டியதில்லை. கோவையிலிருந்து வரும் கொழுந்தனாரை முற்றத்தில் உட்காரவையுங்கள்.

தேங்காய் அரைத்துச் சேர்ப்பது எதையும் முந்தின நாள் தொடாதீர்கள். அவியல் கடைசியாகத்தான் இறங்க வேண்டும். சமைத்த உணவைச் சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தேங்காய்க் கறியில் இதை மீறினால் மூக்கே சொல்லிவிடும்.

அளவு: மூன்று நான்கு கறி என்றால் ஆளுக்கு ஒவ்வொன்றிலும் நூறு கிராம் காய். பத்துக்கு மேல் போனால் நாற்பது, ஐம்பது கிராம் தாராளம். நான்கு கறிக்குப் பதில் பதினொரு கறி வைத்தாலும் மொத்தக் காய் ஏறக்குறைய ஒன்று முதல் மூன்று கிலோதான் கூடும். கூடுவது நறுக்குவதும் பாத்திரம் கழுவுவதும்தான்.

சங்கரன்கோவில் அக்கா:
பாத்திரம் கழுவுவதைப் பற்றி ஒருவராவது பேசினீர்களே, மகிழ்ச்சி.

என் கவலை வேறு. அந்தப் பட்டியலில் சேனை, சேம்பு, சிறுகிழங்கு, வாழைக்காய் நான்கும் மாவுச்சத்து. அடியில் பச்சரிசிப் பொங்கல், மேலே கிழங்கு, முடிவில் பாயசம். ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறியும் பழமும் சாப்பிடச் சொல்லும் உலக சுகாதார நிறுவனம், கிழங்குகளை அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. இருபத்திரண்டு பேர் உட்காரும் பந்தியில் மாத்திரை போட்டுக்கொண்டு உட்காருபவர்கள் எத்தனை பேர் என்று மருமகளுக்குத் தெரிந்திருக்கும். கிழங்கில் ஒன்றை வைத்துக்கொண்டு, அவரைக்காயையும் சீனியவரைக்காயையும் (கொத்தவரங்காய்) கூட்டுங்கள்.

கல்லிடை அண்ணாச்சி:
எனக்கும் சர்க்கரை இருக்கிறது அக்கா. ஆண்டு முழுவதும் கோதுமைக் கஞ்சி குடிப்பவன், தை ஒன்றாம் தேதி இரண்டு துண்டு சேம்பு சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது.

சங்கரன்கோவில் அக்கா:
இரண்டு துண்டு என்றால் சரி. பந்தியில் யாரும் உங்களை இரண்டு துண்டோடு விடுவதில்லை. "அண்ணாச்சி இலையில் சேம்பு இல்லையே" என்று ஒருவர் கரண்டியோடு வந்து நிற்பார்.

ஆலங்குளம் காய்வண்டி:
வியாபாரம் செய்பவன் என்ற முறையில் சில வார்த்தைகள். தையில் அவரை, மொச்சை, சிறுகிழங்கு, மஞ்சள் பூசணி எல்லாம் பருவத்துக் காய்கள். முருங்கைக்காய் அப்படியல்ல, குளிர்காலத்தில் காய்ப்பு குறைந்து விலை எங்கேயோ போய்விடும். அவியலுக்கு நான்கு காய் போதும், சாம்பாரில் போடாதீர்கள். மாங்காயும் தையில் நல்லதாக எளிதில் கிடைக்காது. கிழங்கு வகைகளைப் போகி அன்று வாங்கக் காத்திருக்க வேண்டாம், நெல்லை நயினார்குளம் மார்க்கெட்டோ பாவூர்சத்திரம் சந்தையோ, நான்கைந்து நாள் முன்னதாகவே வாங்கிவிடுங்கள், மண்ணோடு வைத்தால் கெடாது. அவரைக்காய் மட்டும் முந்தின நாள் வாங்கினால் போதும்.

இங்கிலீஷ் காய் பற்றி அண்ணாச்சி சொன்னதற்கும் ஒரு பதில். உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, சரி. மிளகாயும் அங்கிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்ததுதானே? மிளகாய் இல்லாமல் புளிமிளகாய் எப்படி? சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் அந்தக் கப்பல் வழியில் வந்தவைதாம். இவ்வளவு ஏன், சிறுகிழங்குக்கே பூர்வீகம் ஆப்பிரிக்கா என்று தாவரவியல்காரர்கள் சொல்கிறார்கள்.

கல்லிடை அண்ணாச்சி:
சிறுகிழங்கை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிட்டீர்கள். நல்லது. எங்கிருந்து வந்தது என்பதா கேள்வி? இந்த மண்ணில், இந்த மாதத்தில் விளைகிறதா என்பதுதான் என் கணக்கு. சிறுகிழங்கு கடையத்தில் விளைகிறது. கேரட் ஊட்டியிலிருந்து லாரியில் வருகிறது. மிளகாய்க்கும் அதே விடைதான்.

ஆலங்குளம் காய்வண்டி:
அது நியாயமான பேச்சு. இதற்குமேல் நான் வாதாடவில்லை. பொங்கலுக்குக் கேரட் கேட்பவர்களுக்கும் கொடுப்பேன் என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.

பெங்களூரு நெல்லைக்காரன்:
பழங்கறி விஷயத்தில் எனக்கு இன்னும் சந்தேகம். தேங்காய் அரைத்த அவியல் இரண்டு மணி நேரம்தான் தாங்கும் என்கிறார் ஒருவர், மறுநாள் காலை வரை வைத்துச் சாப்பிடச் சொல்கிறார் இன்னொருவர். இரண்டும் எப்படிச் சரியாகும்?

தவசுப்பிள்ளை மகன்:
பந்தி முடிந்து நாலு மணிக்கு எடுத்துப் பார்ப்பதில்தான் தவறு நடக்கிறது. முதல் பந்திக்குப் பரிமாறும்போதே பழங்கறிக்கு வேண்டியதைக் கரண்டி படாமல் தனியாக எடுத்து, அடிகனமான சட்டியில் சாம்பாரோடு சேர்த்துத் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். பொழுது சாய்வதற்குள் நன்றாகச் சுண்டிவிட வேண்டும். சூடு ஆறியதும் குளிர்பெட்டி, காலையில் மறுபடி ஒரு கொதி. தயிர்ப் பச்சடி அதில் சேரவே கூடாது. தயிர் ஊற்றிய அவியலும் சேர்ந்தால் புளித்து நிற்கும். அவியலுக்குத் தயிரே வேண்டாம், கொஞ்சம் புளித்தண்ணீர் போதும் என்பது அப்பா கட்சி.

சங்கரன்கோவில் அக்கா:
அவியலுக்குப் புளியா? நிறம் கெட்டுப்போகும். கெட்டித் தயிரைக் கடைந்து, அடுப்பை அணைத்தபிறகு ஊற்றி, மேலே தேங்காய் எண்ணெயும் கறிவேப்பிலையும் போட்டு மூடினால்தான் அது அவியல். உங்கள் அப்பா ஆயிரம் பேருக்குச் சமைத்தவர், அவருக்குக் கெடாமல் இருப்பது முக்கியம். வீட்டில் இருபது பேருக்கு அந்தப் பயம் எதற்கு?

தவசுப்பிள்ளை மகன்:
ஆயிரம் பேர் சாப்பிட்டு ஒருவர்கூட நிறத்தைப் பற்றிக் கேட்டதில்லை அக்கா.

பாளை மருமகள்:
இதையெல்லாம் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "தவசுப்பிள்ளை மகன் விவரமான பையன்" என்றார். மற்றவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

புளிமிளகாயும் துவையலும் முந்தின இரவு. சேம்பு முந்தின நாளே வெந்துவிடும், அதை மட்டும் அத்தை விட்டுக்கொடுக்கவில்லை. சேனையும் வாழைக்காயும் தனித்தனியாக வேண்டாம், அவியலுக்குள்ளேயே போகட்டும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, படைத்த காய் எல்லாம் இலைக்கு வந்துவிடுகிறது அல்லவா என்று ஒப்புக்கொண்டார். அண்ணாச்சி சொன்ன காரணத்தைச் சொல்லித்தான் அவரை இறக்கினேன், அதற்கு நன்றி. பச்சடி ஒன்றுதான், மஞ்சள் பூசணி. சிறுகிழங்குச் சாக்கு கொழுந்தனாருக்கு. அவருக்குச் செய்தி போய்விட்டது, பதில் வரவில்லை. அவியலில் தயிரா புளியா என்பதை அத்தையே பார்த்துக்கொள்வார், அதில் நான் தலையிடுவதில்லை. முதல் பந்தியில் அத்தையும் நாத்தனாரும் நானும் உட்காருகிறோம், ஆண்கள் பரிமாறுகிறார்கள். இதை மாமாவே சொன்னார்.

கல்லிடை அண்ணாச்சி:
எல்லாம் சரி. அப்பளம் எங்கள் ஊர் கல்லிடைக்குறிச்சியிலிருந்து வாங்குங்கள், மற்றதெல்லாம் எண்ணெய் குடிக்கும். ஆனால் இந்தப் பட்டியலில் வடையைக் காணவில்லையே?

பாளை மருமகள்:
வடை வேண்டும் என்பவர் உளுந்தை ஊறவைத்து ஆட்டி, மாவோடு வரலாம் அண்ணாச்சி. பாளை பஸ் நிலையத்திலிருந்து நடந்து வரும் தூரம்தான். எண்ணெய்ச் சட்டியை நான் காயவைத்து வைத்திருக்கிறேன்.