காலிமுகத்திடல் காட்சியில் பிளெண்டர் கப்பல் வழுக்குகிறது, உதவி தேவை

குறும்படப் பிள்ளை:
வணக்கம். நண்பர்கள் சேர்ந்து குறும்படம் எடுக்கிறோம். ஒரு போன், 8 ஜிபி ராம் உள்ள மடிக்கணினி, பிளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருள், இவ்வளவுதான் வசதி. பின்னேரம் கொழும்பில் கடலோரக் காலிமுகத்திடலில் ஒரு பெண் நடந்து போகிறாள். கடலுக்கு மேலே வானத்தில் பழைய பாய்க்கப்பல் ஒன்று மிதந்து வர வேண்டும். போனைக் கையில் பிடித்து அவள் பின்னாலேயே நடந்து எடுத்தோம். வீடியோவில் புள்ளிகளைப் பின்தொடர்ந்து கேமராவின் அசைவைக் கண்டுபிடிக்கும் கேமரா ட்ராக்கிங்கில், சால்வ் எரர் (அந்தக் கணக்கின் பிழையளவு) 14க்குக் கீழே இறங்கவில்லை. கப்பல் நடுங்குகிறது, வழுக்குகிறது. அலை நுரையிலும் முகிலிலும்தான் புள்ளிகள் நன்றாகப் பிடிக்கின்றன, அங்கேதான் நிறைய வைத்திருக்கிறேன். என் அம்மம்மா சொன்ன கதையில் வரும் கப்பல் இது. காட்சியை வெட்டிவிட மனமில்லை.

தெஹிவளை அண்ணா:
வெட்ட வேண்டாம் தம்பி. நுரையும் முகிலும் தாமாகவே அசைபவை. அசையாத பொருள்களை வைத்துத்தான் கேமரா எப்படி நகர்ந்தது என்று பிளெண்டர் கணக்குப் போடும். அந்தப் புள்ளிகளை எல்லாம் அழித்துவிடுங்கள். நடைபாதைக் கல்லின் மூலைகள், விளக்குக் கம்பத்தின் அடி, தூரத்துக் கட்டடங்களின் விளிம்பு இவற்றில் வையுங்கள். கிட்டவும் தூரவுமாகக் கலந்து இருக்க வேண்டும். கணக்கைத் தொடங்கப் பிளெண்டர் எடுக்கும் இரண்டு ஃபிரேம்களுக்கும் (கீஃபிரேம்) பொதுவாகக் குறைந்தது 8 புள்ளிகள் தேவை. 20, 25 இருந்தால் நிம்மதி. எரர் 1க்குக் கீழே வந்தால் வேலைக்கு ஆகும்.

அப்புறம், போனில் ஸ்டெபிலைசேஷன் (ஆட்டத்தைக் குறைக்கும் வசதி) போட்டிருந்தீர்களா?

குறும்படப் பிள்ளை:
ஓம் அண்ணா, போட்டுத்தான் எடுத்தோம். ஆட்டம் தெரியக் கூடாதே என்று.

தெஹிவளை அண்ணா:
அதுவும் ஒரு காரணம். அது ஒவ்வொரு ஃபிரேமையும் வெட்டி, இழுத்து, வளைத்துச் சரிசெய்கிறது. லென்ஸின் நடுப்புள்ளி ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறிவிடும்; பிளெண்டரோ அது மாறாது என்று நம்பியே கணக்குப் பார்க்கும். முடிந்தால் அதை அணைத்துவிட்டு மீண்டும் எடுங்கள். ஷட்டரை வேகமாக வைத்தால் புள்ளிகள் மங்காது.

கொட்டாஞ்சேனை அக்கா:
இன்னொன்று. பல போன்கள் ஃபிரேம் ரேட்டை ஒரே சீராக வைப்பதில்லை, இடையில் கூடிக் குறையும். வீடியோவை மாற்றும் ஹேண்ட்பிரேக் மென்பொருள் இலவசம்தான், அதில் கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட் என்று கொடுத்து மாற்றிவிட்டுப் பிளெண்டருக்குள் கொண்டுவாருங்கள். சீனின் ஃபிரேம் ரேட்டும் அதோடு ஒத்திருக்க வேண்டும்.

குறும்படப் பிள்ளை:
மீண்டும் எடுத்தோம். எரர் 0.6! கப்பல் அசையாமல் நிற்கிறது, இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. ஆனாலும் ஒட்டி வைத்த படம் போலவே இருக்கிறது. வீடியோவின் நிறமும் வெளிறிவிட்டது.

கொட்டாஞ்சேனை அக்கா:
நிறம் சின்ன விஷயம். பிளெண்டர் 4.0 முதல் வியூ டிரான்ஸ்ஃபார்ம் (நிறத்தைத் திரைக்கு ஏற்ப மாற்றிக் காட்டும் அமைப்பு) தானாகவே ஏஜிஎக்ஸ் என்ற தெரிவில் இருக்கும். கலர் மேனேஜ்மென்டில் ஸ்டாண்டர்ட் ஆக்குங்கள்.

கப்பலுக்கு வருவோம். நீங்கள் போட்ட படத்தில் பாயின் முன்பக்கம் பளபளவென்று இருக்கிறது. பின்னேரம் காலிமுகத்திடலில் சூரியன் எங்கே? கடல் பக்கம், கப்பலுக்குப் பின்னால். அப்படியென்றால் நம்மைப் பார்க்கும் பக்கம் இருட்டாகத்தான் இருக்கும். பாயின் ஓரத்தில் மட்டும் மெல்லிய பொன்கோடு விழும். சன் லாம்பைப் பின்னால் கொண்டுபோய், அந்தப் பெண்ணின் நிழல் விழும் திசையைப் பார்த்துத் திருப்புங்கள். அடுத்தது கடற்காற்றின் புகைமூட்டம். அவ்வளவு தூரத்தில் எதுவும் கரிக்கறுப்பாகத் தெரியாது. மிஸ்ட் பாஸை (எது எவ்வளவு தூரம் என்று காட்டும் தனிப் படம்) எடுத்து, தொடுவானத்தின் நிறத்தைக் கப்பலின் இருண்ட பகுதிகளில் கொஞ்சம் கலந்துவிடுங்கள். கப்பலை நம்ப வைப்பது இந்த இரண்டும்தான். பாய்மரக் கயிறுகளை எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் வெளிச்சம் பிழைத்தால் கண் உடனே பிடித்துவிடும்.

குறும்படப் பிள்ளை:
நிழலைப் பார்க்கவே இல்லை அக்கா, இன்றிரவே மாற்றுகிறேன். கப்பலுக்கு முன்னால் ஒரு விளக்குக் கம்பம் வருகிறதே, அதற்கு?

தெஹிவளை அண்ணா:
கம்பம் வரும் இடத்தில் கப்பலை மறைக்க மாஸ்க் போடுங்கள். கம்பம் நேரானது, நாலு புள்ளி போதும். சில ஃபிரேம்களுக்கு ஒரு முறை மாஸ்க்கின் இடத்தைப் பதிந்து (கீ) வைத்தால் சரி. ரெண்டரை (கடைசியாக உருவாகும் படத்தை) எம்பி4 வீடியோவாக எடுக்காமல், ஃபிரேமுக்கு ஒரு படமாகப் பிஎன்ஜி வரிசையாக எடுங்கள். இடையில் கரண்ட் போனாலும் விட்ட ஃபிரேமிலிருந்து தொடரலாம்.