வீட்டு சிஎன்சி: வட்டம் முட்டை வடிவில் வருகிறது

பெரம்பூர்வாசி: வணக்கம். வீட்டிலேயே ஒரு சிஎன்சி (கணினி சொல்படி வெட்டும் இயந்திரம்) செய்திருக்கிறேன். ரிச்சி தெருவில் வாங்கிய நேமா 17 ஸ்டெப்பர் மோட்டார்கள், ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை, அதில் மோட்டார்களை இயக்கும் ஜிஆர்பிஎல் மென்பொருள். மகளுக்காக மரப்பலகையில் கோலம் செதுக்க வேண்டும். 50 மி.மீ. வட்டத்தை வெட்டினால் ஒய் திசை சரியாக இருக்கிறது. எக்ஸ் திசையில் 49.4தான் வருகிறது. ஒரு மி.மீ. நகர மோட்டார் எத்தனை ஸ்டெப் (சிறு அடி) சுழல வேண்டும் என்ற எண்ணிக்கையைக் கூட்டிவிடலாமா?

அம்பத்தூர் ஃபிட்டர்: அதைத் தொடவே தொடாதீர்கள், தம்பி! மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப்; ஒவ்வொன்றையும் 16 மைக்ரோஸ்டெப்பாகப் பிரித்தால் 3200. திருகுத்தண்டு ஒரு சுற்றில் 8 மி.மீ. நகர்த்தினால் மி.மீ.க்கு 400. அது கணக்கில் வந்த எண், வெட்டிய துண்டைப் பார்த்துத் திருத்துவதல்ல. 20 மி.மீ., 100 மி.மீ. சதுரங்களை வெட்டி அளந்து பாருங்கள். இரண்டிலும் அதே 0.6 குறைந்தால் திருகுத்தண்டில் ஓடும் நட்டில் தளர்வு. அளவு பெருகப் பெருகக் குறைவும் பெருகினால் மட்டுமே ஸ்டெப் கணக்கைச் சந்தேகிக்கலாம். ஜிஆர்பிஎல் இந்தத் தளர்வை ஈடுகட்டாது. ஸ்பிரிங் வைத்த இரட்டை நட்டு போடுங்கள். அதற்கு முன் மோட்டாரையும் திருகுத்தண்டையும் இணைக்கும் கப்ளிங் திருகுகளை இறுக்கிப் பாருங்கள், காசு செலவில்லை.

திருவான்மியூர் தச்சர்: கடலோரக் காற்றில் வழித்தண்டுகள் சீக்கிரம் துருப்பிடிக்கும், வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடையுங்கள். எம்டிஎஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திய) பலகை வேண்டாம். அதன் தூள் நுரையீரலுக்குக் கெடுதல், குழந்தை இருக்கும் வீடு வேறு. தேக்குத் துண்டுகள் மரக்கடையில் மலிவாகக் கிடைக்கும். முகக்கவசம் கட்டாயம்.

பெரம்பூர்வாசி: இரண்டு சதுரங்களிலும் அதே 0.6, ஐயா. நட்டை மாற்றுகிறேன்.