சுவிட்ச் ஆஃப் செய்தும் மீட்டரில் 2.1 வோல்ட்: சார்ஜ் லைட் சந்தேகம்

தேவனாம்பட்டினம் தம்பி:
அப்பா விடியற்காலை கடலுக்குப் போகும்போது நெற்றியில் கட்டிக்கொள்ளும் சார்ஜ் லைட் இது. உள்ளே 2200 எம்ஏஹெச் (மில்லி ஆம்பியர் மணி) லித்தியம் செல் ஒன்று, ஒரு பட்டன், சின்ன போர்டு. முழு சார்ஜ் போட்டு வைத்தாலும் ஐந்தாறு நாளில் எரிவதில்லை. செல்லை மட்டும் கழற்றிப் பத்து நாள் வைத்துப் பார்த்தேன், 4.1 வோல்ட்டுக்குக் குறையவில்லை. ஆகவே செல் நல்லதுதான்.

எல்இடியை எடுத்துவிட்டு அந்த இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்தால், லைட் ஆஃபில் இருக்கும்போதே 2.1 வோல்ட் காட்டுகிறது. ஆன் செய்தால் 4 வோல்ட். மாஸ்ஃபெட் (பட்டனை அழுத்தினால் எல்இடிக்கு மின்சாரம் விடும் சின்ன எலக்ட்ரானிக் சுவிட்ச்) போய்விட்டது, அதன் வழியாகத்தான் சார்ஜ் இறங்குகிறது என்று நினைக்கிறேன். மாற்றிவிடலாமா? மீட்டரை ஏசி வோல்ட் அளவில் வைத்து, முனைகளை எதிலும் தொடாமல் விட்டாலும் எண் ஓடிக்கொண்டே இருக்கிறது. மீட்டர் மேலேயே சந்தேகமாக இருக்கிறது. அப்பாவிடம் இருப்பது இந்த ஒரு லைட்தான்.

முத்தியால்பேட்டை வயர்மேன்:
மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பெரும்பாலும் 10 மெகா ஓம், மிக அதிகம். அதனால் காற்றில் நிற்கும் முனை, பக்கத்தில் ஓடும் வீட்டு மின்சாரத்தைக்கூடக் கொஞ்சம் பிடித்துக் காட்டும். புதுச்சேரியில் பழைய வீடுகளில் வயரிங் பார்க்கும்போது, சுவிட்ச் ஆஃபில் இருக்கும் வயரில் 50, 60 வோல்ட் வரும். அருகருகே ஓடும் வயர்களின் வேலை அது. டெஸ்ட் லேம்ப் (சோதனை பல்பு) போட்டால் அந்த வோல்ட் அப்படியே விழுந்துவிடும். ஆனால் விழவில்லை என்றால் அது நிஜ மின்சாரம். வீட்டு லைனில் நீங்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

உப்பனாறு எலக்ட்ரானிக்ஸ்:
மாஸ்ஃபெட்டைத் தொடாதீர்கள், முதலில் கணக்குப் பாருங்கள். 2.1 வோல்ட்டை 10 மெகா ஓமால் வகுத்தால் 0.21 மைக்ரோ ஆம்பியர். ஆஃபில் இருக்கும் நல்ல மாஸ்ஃபெட்டிலும் இவ்வளவு கசிவு இருக்கலாம். இந்தக் கசிவில் உங்கள் செல் காலியாகப் பல நூறு வருடம் ஆகும். அந்த முனைகளுக்குக் குறுக்கே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து மறுபடி அளந்து பாருங்கள். கசிவு இவ்வளவுதான் என்றால் எண் பூஜ்யத்துக்கு விழுந்துவிடும்.

தேவனாம்பட்டினம் தம்பி:
ரெசிஸ்டர் வைத்ததும் 0.00 ஆகிவிட்டது அண்ணா. சரி, அப்படியென்றால் சார்ஜ் எங்கே போகிறது?

உப்பனாறு எலக்ட்ரானிக்ஸ்:
அதுதான் சரியான கேள்வி. வோல்ட்டை விட்டுவிடுங்கள், கரண்டை அளக்க வேண்டும். செல்லின் பாசிட்டிவ் வயரை எடுத்துவிட்டு, நடுவில் மீட்டரை மில்லி ஆம்பியரில் போடுங்கள். அப்போது பட்டனை அழுத்தாதீர்கள், மீட்டர் ஃபியூஸ் போய்விடும். இன்னும் முக்கியம்: அந்த நிலையில் முனைகளைச் செல்லின் இரண்டு பக்கமும் நேராக வைத்தால் ஷார்ட். லித்தியம் செல்லில் அந்த விளையாட்டு வேண்டாம்.

தேவனாம்பட்டினம் தம்பி:
18 மில்லி ஆம்பியர்! லைட் ஆஃபில்தான் இருக்கிறது.

உப்பனாறு எலக்ட்ரானிக்ஸ்:
2200-ஐ 18-ஆல் வகுங்கள். 122 மணி நேரம், ஐந்து நாள். நீங்கள் சொன்னதும் அதுதானே? எல்இடி பக்கம் கசிவில்லை என்று ரெசிஸ்டர் காட்டிவிட்டது. எனவே சுவிட்ச்சுக்கு முன்னால் தேடுங்கள். சார்ஜ் குத்தும் இடத்தில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கிறதா? கடலுக்குப் போகும் லைட், உப்புத்தண்ணீர் இறங்கியிருக்கும். ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் உப்பு மின்சாரத்துக்கு வழி விடும்.

தேவனாம்பட்டினம் தம்பி:
அப்படியே இருந்தது அண்ணா. செல்லை எடுத்துவிட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டு மூன்று முறை தேய்த்தேன். ஒருநாள் காயவைத்தேன். இப்போது மில்லி ஆம்பியரில் ஒன்றுமே இல்லை, மைக்ரோ ஆம்பியரில் 6. கூடவே ஒன்று கேட்கிறேன்: சார்ஜில் இருக்கும்போது லைட்டின் இரும்புச் சட்டத்தைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறது. அதுவும் மீட்டர் காட்டிய 2.1 வோல்ட் போலப் பொய்தானா?

முத்தியால்பேட்டை வயர்மேன்:
இரண்டு பின் சார்ஜர்களில் உள்ளே ஒரு சின்ன கெப்பாசிட்டர் வீட்டு மின்சாரப் பக்கத்தையும் சார்ஜ் வெளிவரும் பக்கத்தையும் இணைக்கும், அதனால் அப்படி வருவதுண்டு. ஆனால் மட்டமான சார்ஜரில் உள்ளே இன்சுலேஷன் விட்டுப்போனாலும் அதே சுர்தான் வரும், கையை வைத்துப் பிரித்தறிய முடியாது. ஈரக்கையோடு இருக்கும் ஆளுக்கு அந்தச் சார்ஜர் வேண்டாம் தம்பி. பிஐஎஸ் (இந்திய அரசின் தர அமைப்பு) முத்திரை உள்ளதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

தேவனாம்பட்டினம் தம்பி:
நேற்றே வாங்கிவிட்டேன் அண்ணா. சார்ஜ் வாயின் ரப்பர் மூடி எப்போதோ தொலைந்திருக்கிறது. சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி இறுக்கிக் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.