எரேமியாவா, அனனியாவா: அன்று மக்கள் யாரை நம்பியிருக்க வேண்டும்?

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்):
எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் வேதாகமத்தின் எரேமியா 28ஆம் அதிகாரத்தை வாசித்தோம். பாபிலோன் ராஜாவுக்குப் பணிய வேண்டும் என்பதற்கு அடையாளமாக, தீர்க்கதரிசி எரேமியா கழுத்தில் மரநுகம் பூண்டிருந்தார். அனனியா என்னும் இன்னொரு தீர்க்கதரிசி அந்த நுகத்தை எடுத்து உடைத்து, பாபிலோனின் பிடி இரண்டு ஆண்டுகளில் அகலும் என்று கர்த்தரின் பெயராலேயே அறிவிக்கிறான். இருவரும் ஒரே கர்த்தரின் பெயரைச் சொல்லும்போது, ஆலயத்தில் நின்றவர்கள் எவரை நம்பியிருக்க வேண்டும்?

பதில் (பட்டர்வொர்த்):
சகோதரி, சொன்னது நிறைவேறுகிறதா என்று பார்க்க உபாகமம் 18 கூறுகிறது. ஆனால் அன்று நின்றவர்களுக்கு அது உடனே உதவியிருக்காது. என்னை நெகிழச் செய்வது எரேமியாவின் நடத்தை. சமாதானத்தை அறிவிப்பவனின் வார்த்தை நிறைவேறும்போதுதான் அவன் அறியப்படுவான் என்று எச்சரித்தபோதும், முதலில் "ஆமென்" என்றே சொன்னார். நுகம் உடைக்கப்பட்டதும் பேசாமல் போய்விட்டார். கர்த்தருடைய வார்த்தை வந்த பிறகே திரும்பிவந்து, மரநுகத்திற்குப் பதிலாக இரும்பு நுகம் என்றார். தம் விருப்பத்தைக் கர்த்தரின் வெளிப்பாடாக்காத அந்தப் பொறுமையே உண்மையான தீர்க்கதரிசியின் அடையாளம் என்பேன். அனனியா அதே ஆண்டில் இறந்தான்.

பதில் (புக்கிட் மெர்தாஜாம்):
கத்தோலிக்கராகிய நாங்கள் எபிரேயர் 1ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்குவோம்: இறைவாக்கினர் வழியாகப் பேசிய கடவுள், இறுதியில் தம் மகன் வழியாகப் பேசினார். ஆகவே எல்லாருக்கும் பொதுவான புதிய இறைவெளிப்பாடு எதையும் இனி எதிர்பார்ப்பதற்கில்லை என்று எங்கள் ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் தெளிவாக உரைத்தது.

பதில் (பட்டர்வொர்த்):
ஏற்கிறேன், ஐயா. ஜெபக்கூட்டங்களில் "கர்த்தர் எனக்குச் சொன்னார்" என்பவர்களையும், 1 கொரிந்தியர் 14 கற்பிக்கிறபடி, மற்றவர்கள் நிதானித்துப் பார்க்கவே வேண்டும்.