நமீபியாவில் தாமே கார் ஓட்டிச் சென்றவர்களுக்கு எதிர்பாராமல் கிடைத்த இன்பம் எது?

கேள்வி – கொங்குநாட்டான்:
வணக்கம். நானும் மனைவியும் விண்ட்ஹுக்கில் வாடகைக் கார் எடுத்து, சோசுஸ்ஃப்ளை மணற்குன்றுகளைப் பார்த்துவிட்டு, ஸ்வாகோப்முண்ட் கடற்கரை வரை பத்து நாள்களில் சென்றுவரத் திட்டமிட்டுள்ளோம். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எங்கும் கிடைக்கிறது. பட்டியலில் இல்லாத எது உங்களை மகிழ்வித்தது?

பதில் 1 – நெடுவழி:
வண்டி ஓட்டுவதே! அங்கும் நம்மைப் போல இடப்பக்கம்தான் என்பதால் பழகத் தேவையில்லை. சரளைச் சாலையில் எதிரே ஒரு வண்டி வருகிறது என்றால், வண்டிக்கு முன்பாக அது கிளப்பும் புழுதிதான் கண்ணில் படும். அருகில் வந்ததும் ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலை உயர்த்தி வணக்கம் சொல்லிவிட்டுப் போவார். சோசுஸ்ஃப்ளையின் நுழைவாயிலான செஸ்ரியத்திலிருந்து சுமார் 80 கி.மீ. தொலைவிலுள்ள சொலிடேரில், மணலில் புதைந்து துருவேறிக் கிடக்கும் பழைய கார்களுக்கு நடுவே ஒரு பெட்ரோல் பங்க்கும் பேக்கரியும் உள்ளன. பத்து நிமிடம் என்று நிறுத்திய நாங்கள், பட்டை மணக்கும் ஆப்பிள் பையைத் தின்றபடி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டோம். வாடகைக்கு எடுக்கும்போதே இரண்டு ஸ்டெப்னி கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு இரண்டுமே தேவைப்பட்டன.

பதில் 2 – உப்புக்காற்று:
எனக்கு அது குளிர். குய்செப் கணவாயைக் கடந்து, ஏ.சி. போட்டும் வியர்த்த உடம்போடு ஸ்வாகோப்முண்டுக்குத் தெற்கேயுள்ள கடலோர நகரமான வால்விஸ் பே நோக்கி ஓட்டிக்கொண்டிருந்தபோது, தொடுவானத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் எழுந்தது. மழை மேகம் என்று நினைத்தேன்; கடலிலிருந்து வந்த மூடுபனி. குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டம் தன் மேலுள்ள காற்றைக் குளிர்வித்து உண்டாக்குவது அது. கண்ணாடியை இறக்கியதும் உப்பு வாடை வந்தது. கால் மணி நேரத்தில் ஸ்வெட்டரைத் தேடினோம். அந்தப் பாலைவனத்தில் ஒரு வண்டு தலைகீழாக நின்று, முதுகில் படியும் பனித்துளியை வாய்க்கு வழியவிட்டுக் குடிக்கிறது என்று படித்திருந்தேன். வைப்பரைப் போட்டபோதுதான் அதை நம்பினேன். மறுநாள் காலை, வால்விஸ் பே கடற்கழியில் பூநாரைகள் தெரியுமுன் அவற்றின் குரல்தான் பனிக்குள்ளிருந்து கேட்டது.

கொங்குநாட்டான்:
இருவருக்கும் நன்றி. சொலிடேர் பக்கம் ஓர் இரவு கூட்டிக்கொள்கிறேன். கடற்கரையோரமாக வடக்கே, கேப் கிராஸ் கடல்நாய்களைப் பார்க்கவும் போகலாமா?

பதில் 3 – உப்புக்காற்று:
தாராளமாக. நாற்றத்துக்கு மட்டும் கைக்குட்டை வேண்டும். உப்புநீர் ஊற்றி இறுக்கிய சாலைப் பகுதிகள் தார்ச்சாலை போலவே தோன்றும். ஆனால் பனி படிந்த காலையில் வழுக்கும் என்பதால், வெயில் ஏறிய பிறகு புறப்படுங்கள்.