பாரிஷ் கவுன்சில் கூட்டத்துக்குப் போயிருக்கிறீர்களா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

லண்டனை விட்டு கிராமத்துப் பக்கம் குடிபோன நம்மவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறோம். பள்ளிக்கூடம், ஜிபி (குடும்ப டாக்டர்), ரயில் பாஸ் எல்லாம் பேசித் தீர்த்தாயிற்று. நம்மூர்ப் பஞ்சாயத்து மாதிரியான ஊர்ச் சபையான பாரிஷ் கவுன்சில் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக்கில் ஒரு சின்ன ஊர். ஒரு பப், ஒரு சர்ச், ஒரு தொடக்கப்பள்ளி, அவ்வளவுதான். பால் வாங்கக் கூட கார் எடுக்க வேண்டும். ஊர் எல்லையில் இருக்கும் வயலில் 40 வீடு கட்ட ஒரு பில்டர் விண்ணப்பம் போட்டிருப்பதாகக் கம்பத்தில் மஞ்சள் நோட்டீஸ் கட்டியிருந்தார்கள். அன்றிலிருந்து ஊருக்குள் வேறு பேச்சே இல்லை.

பாரிஷ் கவுன்சில் என்றதும் சர்ச் சம்பந்தப்பட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு காலத்தில் சர்ச் நிர்வாகத்தின் கையில் இருந்த ஊர்ப் பொறுப்புகளைப் பிரித்து, ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் சபையிடம் கொடுத்தது 1894-ஆம் வருடச் சட்டம். உங்கள் கவுன்சில் டாக்ஸ் (வீட்டு வரி) பில்லில் தனியாக ஒரு சின்னத் தொகை இருக்கும், பாருங்கள். அதுதான் இவர்களுக்குப் போகிறது.

கூட்டத்துக்குப் போனால், வழக்கமாக நாலு பேர் வரும் வில்லேஜ் ஹாலில் உட்கார இடமில்லை. சுவரோரம் அடுக்கியிருந்த நாற்காலிகளை ஆளாளுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பொதுமக்கள் பேச 15 நிமிடம், ஆளுக்கு 3 நிமிடம் என்பது எங்கள் கவுன்சிலின் விதி. கவுன்சிலின் அலுவல்களைப் பார்க்கும் கிளார்க் அம்மா மேசையில் போனை வைத்து டைமர் ஓட்டினார். முதலில் எழுந்தவர் தன் வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி போய்விடும் என்றார். அடுத்தவர் வீட்டு விலை விழுந்துவிடும் என்றார். இன்னொருவர் அந்த பில்டர் பக்கத்து ஊரில் எப்படி நடந்துகொண்டார் என்று ஆரம்பித்தார். கைதட்டல் பலமாக இருந்தது. கிளார்க் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்த மூன்றையும் நான் எழுதி அனுப்பலாம், ஆனால் பிளானிங் ஆபீசர் மூன்றையும் ஒதுக்கி வைத்துவிடுவார்" என்றார்.

ஹாலே அமைதியாகிவிட்டது. அப்புறம்தான் விளக்கினார். முடிவு எடுப்பது பாரிஷ் கவுன்சில் இல்லை, அதற்கு மேலே இருக்கும் டிஸ்ட்ரிக்ட் கவுன்சில். கட்டிட அனுமதி பார்க்கும் பிளானிங் ஆபீசர் அவர்களுடைய ஆள். பாரிஷால் கருத்து மட்டும்தான் சொல்ல முடியும், அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் 21 நாள். அந்தக் கருத்தும் சட்டம் கணக்கில் எடுக்கும் விஷயமாக இருக்க வேண்டும்: போக்குவரத்து, வடிகால், அக்கம்பக்கத்து வீட்டுக்கு வெளிச்சம் மறைவது, சத்தம், பழைய கட்டிடங்களின் மதிப்பு. காட்சி, வீட்டு விலை, விண்ணப்பித்தவரின் குணம் எல்லாம் செல்லாது.

கடைசி வரிசையிலிருந்து ஒரு வயதான விவசாயி எழுந்தார். அதுவரை வாயே திறக்காதவர். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டர். அந்த வயலிலிருந்து மழைத்தண்ணீர் ரோட்டைத் தாண்டிப் பள்ளிக்கூட வாசலுக்குப் போவதை வருடா வருடம் படம் எடுத்து, பின்னால் பேனாவால் தேதி போட்டு வைத்திருந்தார். பில்டரின் வடிகால் அறிக்கையில் அந்த ஓடையே வேறு பக்கம் ஓடுவதாக வரைந்திருந்தது. அவர் பேசியது மொத்தம் இரண்டு நிமிடம் இருக்காது, ஆனால் பாரிஷ் அனுப்பிய கடிதத்தின் முதல் பக்கம் முழுக்க அந்தப் படங்கள்தான் இருந்தன.

வயல் தப்பித்ததா என்றால், இல்லை. எங்கள் டிஸ்ட்ரிக்டிடம் அடுத்த ஐந்து வருடத்துக்குத் தேவையான வீட்டு நிலம் கணக்கில் குறைவாக இருந்தது. அப்படிக் குறைந்தால் மத்திய அரசின் பிளானிங் கொள்கைப்படி தராசு அனுமதி பக்கம் சாயும். கெடுதல் மிக அதிகம் என்று காட்டினால்தான் மறுக்க முடியும். ஆனால் வடிகால் திட்டத்தைத் திரும்ப வரைய வைத்தார்கள். மழைநீர்க் குளம் இடம் மாறியது. முதல் வீட்டில் ஆள் குடிவருவதற்கு முன் பள்ளி வரை நடைபாதை போட்டாக வேண்டும் என்று நிபந்தனையும் வந்தது. கைதட்டல் வாங்கிய பேச்சுகளில் ஒன்று கூட ஆபீசர் அறிக்கையில் இல்லை. உங்கள் ஊரில் எப்படி?

~~~

அண்ணா, நான் மேசையின் மற்றப் பக்கம் இருந்து வந்தவள். விண்ணப்பம் போட்டதே நாங்கள்தான்.

எங்கள் வீடு கன்சர்வேஷன் ஏரியாவுக்குள், அதாவது பழைய தோற்றத்தைக் காக்கவென்று குறித்த பகுதிக்குள், வருகிறது. பின்பக்கமாக மேலும் கீழும் ஒவ்வொரு அறை கூட்ட நினைத்தோம். வேறு இடமென்றால் இப்படிச் சில வேலைகளுக்கு அனுமதியே தேவைப்படாது. இங்கே மேல்மாடி என்றவுடன் முழு விண்ணப்பம். பக்கத்து வீட்டுக்காரர் எங்களைக் கண்டால் சிரிப்பார், தோட்டத்து ஆப்பிள் கொண்டுவந்து தருவார். பார்த்தால் அவரே பாரிஷ் கவுன்சிலர், அவரே எதிர்ப்புக் கடிதமும் போட்டிருக்கிறார். மாமி அன்றைக்குப் பிறகு அந்த ஆப்பிளைத் தொடவே இல்லை!

கூட்டத்துக்கு நானும் கணவரும் போனோம். எங்கள் விஷயம் வந்ததும் அவர் எழுந்து, தனக்கு இதில் சொந்த நலன் இருக்கிறது என்று சொல்லி, மற்ற ஆட்களைப் போலவே தன் 3 நிமிடத்தைக் கதைத்துவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கதவுக் கண்ணாடிக்குள்ளால் அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. அவர் இல்லாமலே மிச்சப்பேர் கதைத்து முடிவெடுத்தார்கள். சொந்த நலனை மறைப்பது 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சில வகைகளில் குற்றமாகவே இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அவர் சொன்னதில் ஒரு விஷயம் நியாயம். மேலறையின் பக்க ஜன்னல் நேரே அவர்களுடைய குளியலறையைப் பார்க்கிறது. ஒரு கவுன்சிலர் பெண் எங்களிடம், "அந்த ஜன்னலுக்கு மங்கல் கண்ணாடி போட்டுத் திறக்க முடியாதபடி செய்தால் உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார். சம்மதம் என்றோம். ஆட்சேபனை இல்லை, கண்ணாடி மட்டும் மங்கலாக இருக்க வேண்டும் என்று எழுதி அனுப்பினார்கள். டிஸ்ட்ரிக்டும் அதையே நிபந்தனையாகப் போட்டது. நாங்கள் படித்த பாடம் என்னவென்றால், விண்ணப்பம் போடுமுன் வரைபடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். ஆர்க்கிடெக்ட் இதைச் சொல்லித் தரமாட்டார்.

இன்னொன்று. கன்சர்வேஷன் ஏரியாவில் முற்றத்து மரத்தை வெட்டுவதென்றாலும், மரம் கொஞ்சம் பெரிதென்றால், 6 கிழமைக்கு முன்னமே டிஸ்ட்ரிக்டுக்கு அறிவிக்க வேண்டும். எங்கள் செரி மரத்துக்கு அதுவும் நடந்தது.

~~~

நான் பாரிஷ் கூட்டத்துக்குப் போனதற்கு முதல் காரணம் அந்த வீடியோதான். ஹேண்ட்ஃபோர்த் பாரிஷ் கவுன்சிலின் ஜூம் கூட்டம், 2020 டிசம்பரில் நடந்து 2021 பிப்ரவரியில் உலகமே பார்த்தது. கூட்டத்தை நடத்த உதவ வந்த ஜாக்கி வீவரிடம் "உனக்கு இங்கே அதிகாரம் இல்லை" என்று கத்துவார்களே, அதேதான். அதுவும் பிளானிங் கமிட்டிக் கூட்டம் என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள்.

எங்கள் ஊரில் அந்த மாதிரி ஒன்றும் கிடைக்கவில்லை, ஏமாற்றம்தான். நாய்க்கழிவுத் தொட்டி எங்கே வைப்பது என்று அரை மணி நேரம். சாலைப் பள்ளம் டிஸ்ட்ரிக்டுக்கும் மேலே இருக்கும் கவுன்டி கவுன்சில் வேலை, எங்களுடையது இல்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவருக்காவது சொல்ல வேண்டியிருக்கிறது. பிடித்த விஷயம் என்றால் சிவப்பு டெலிபோன் பெட்டி. பிடி (BT) தொலைபேசி நிறுவனத்திடமிருந்து ஒரு பவுண்டுக்கு வாங்கி, உள்ளே இதயம் நின்றவருக்கு அவசரத்தில் உதவும் இதய அதிர்ச்சிக் கருவி வைத்திருக்கிறார்கள். அதற்கு யார் பெயின்ட் அடிப்பது என்ற விவாதம் மட்டும் இன்னும் முடியவில்லை.

கூட்டத்தில் உட்கார்ந்து கேட்க யாருக்கும் உரிமை உண்டு, பயப்படாதீர்கள். அந்த உரிமையைத் தரும் 1960-ஆம் வருடச் சட்டத்தைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் மார்கரெட் தாட்சர். பாராளுமன்றத்தில் அவருடைய முதல் பேச்சே அதற்காகத்தான்.

~~~

கவுன்சிலராகவே உட்கார்ந்திருக்கும் ஒருவன் எழுதுகிறேன். தேர்தலில் ஜெயித்து வந்தேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு இடம் காலியானது. வாக்காளர்களில் 10 பேர் கேட்டால் இடைத்தேர்தல் நடத்த வேண்டும், யாரும் கேட்கவில்லை. கவுன்சிலே ஆளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றானதும் கிளார்க் என்னைக் கேட்டார். பல கிராமங்களில் இதுதான் கதை. சம்பளம் கிடையாது.

இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் கவனிக்க: காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில் வேலை விசாவில் இருந்தாலே இங்கே ஓட்டுப் போடலாம். பதிவு செய்யாமல் விட்டுவிடுகிறோம். கவுன்சிலராக நிற்க நிரந்தரக் குடியிருப்பு உரிமை வேண்டும். அது இருந்தால் போதும், பிரிட்டிஷ் குடியுரிமை தேவையில்லை.

உள்ளே இருந்து பார்த்ததில் இரண்டு விஷயம். ஒன்று, ஒரே கடிதத்தை ஐம்பது பேர் காப்பி எடுத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புவது. ஆபீசரின் கண்ணில் அது கிட்டத்தட்ட ஒரே கடிதம்தான். உங்கள் சொந்த வாக்கியத்தில் நாலு வரி எழுதினால் அதை அவர் படித்தாக வேண்டும்.

இரண்டாவது பணம். எங்கள் டிஸ்ட்ரிக்டைப் போல உள்கட்டமைப்பு வரி வசூலிக்கும் இடங்களில், புது வீடுகளிலிருந்து வரும் அந்த வரியில் 15 சதவீதம் ஒரு உச்சவரம்புக்கு உட்பட்டு பாரிஷுக்கு வரும். ஊர் தன் அக்கம்பக்கத் திட்டத்தை (நெய்பர்ஹுட் பிளான்) தானே எழுதி, பொதுவாக்கெடுப்பில் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கி நிறைவேற்றியிருந்தால் 25 சதவீதம், உச்சவரம்பும் இல்லை. எங்கே வீடு வரலாம் என்பதில் அந்தத் திட்டத்துக்குச் சட்ட பலமும் உண்டு. ஆனால் எழுதி முடிக்க வருடக்கணக்காகிறது. ஆரம்பத்தில் வந்த பெரிய கூட்டத்தில் கடைசி வரை நின்றவர்கள் ஓய்வுபெற்ற இரண்டு மூன்று பேர். வீடே வரக்கூடாது என்று வந்தவர்கள், எங்கே வரட்டும் என்று கேட்டதும் காணாமல் போய்விட்டார்கள். எனக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

முதல் பதிவு போட்டவருக்கு: அனுமதி கிடைத்ததே என்று வருந்தாதீர்கள். மறுத்திருந்தால் பில்டர் மேல்முறையீட்டுக்குப் போவார், அதை விசாரிக்க மத்திய அரசின் பிளானிங் இன்ஸ்பெக்டர் வருவார். அனுமதி கொடுத்தால் ஊர்க்காரர்களுக்கு மேல்முறையீடே கிடையாது. கோர்ட்டுக்குப் போவதென்றால் 6 வாரத்துக்குள், அதுவும் முடிவெடுத்ததில் சட்டப்பிழை இருந்தால்தான். இது ஒருதலைப்பட்சம் என்பது என் கருத்து. ஆனால் இன்றைய சட்டம் இதுதான்.

~~~

எல்லாருக்கும் நன்றி. ஒரு அவசரக் கேள்வி. எங்கள் தெருக்கோடியில் பழைய களஞ்சியத்தை வீடாக மாற்ற விண்ணப்பம் வந்திருக்கிறது. ஊருக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால் 21 நாள் கடந்துவிட்டது. பாரிஷ் கூட்டமும் முடிந்துவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

~~~

(கவுன்சிலர்) முடியும். டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டு, முடிவு வந்துவிட்டதா பாருங்கள். வரவில்லை என்றால் அந்தப் பக்கத்திலேயே ஆபீசர் பெயர் இருக்கும், இன்றைக்கே மெயில் போடுங்கள். முடிவு எழுதும் முன் கைக்கு வந்ததை அவர்கள் பெரும்பாலும் பார்த்துவிடுவார்கள். கூடவே உங்கள் வார்டு டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலருக்கும் எழுதுங்கள். ஆபீசர் தானாக முடிவெடுக்காமல் கமிட்டிக்குக் கொண்டுவரும்படி அவரால் கேட்க முடியும், ஆனால் பல இடங்களில் அதற்கும் கெடு உண்டு. களஞ்சியம் என்கிறீர்கள், வௌவால் சர்வே போட்டிருக்கிறார்களா என்று ஆவணங்களில் முதலில் பாருங்கள். வௌவாலுக்கு இங்கே சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. சர்வே வேண்டிய இடத்தில் அது இல்லாமல் அனுமதி கொடுக்க ஆபீசர்கள் தயங்குவார்கள்.